சிறுகதையில் ஒரு பொருள் எப்போது குறியீடு ஆகிறது? (கதவு, குருகு, தையல் மிஷின்)

#1 குற்றாலச்சாரல்

வணக்கம். நாலைந்து வருஷமாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது சிறுகதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தைத் தாங்கியவள். அப்பா இறந்த பிறகு அந்த மிஷின் என்ன ஆகிறது என்பதுதான் கதை. போன வாரம் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா குறியீடு துருத்திக்கிட்டு நிக்குது" என்றார்கள். எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். குறியீட்டையே எடுத்துவிடு என்றார் ஒருவர். இன்னும் பூடகமாக வை என்றார் இன்னொருவர். படிமம் வேறு, குறியீடு வேறு என்று மூன்றாமவர் அரைமணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எனக்குக் கையே ஓடவில்லை.

அந்தப் பத்தி இதுதான்:

"அப்பாவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். நின்றுபோன அவள் வாழ்க்கையைப் போலவே மிஷினும் துருப்பிடித்து நின்றது. மெல்ல ஒரு மிதி மிதித்தாள். ஊசி படக்கென்று ஒடிந்தது. அது ஊசி ஒடிந்த சத்தம் இல்லை. அவளுக்குள் ஏதோ ஒடிந்த சத்தம்."

மிஷினைக் கதையிலிருந்து எடுக்க முடியாது. எடுத்தால் கதையே இல்லை. ஆனால் அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்று மனசுக்குப் படுகிறது. என்ன செய்யலாம்?

#2 மாடிப்படி

கடைசி இரண்டு வாக்கியங்களை வெட்டுங்கள். "போலவே" வரும் வாக்கியத்தையும் வெட்டுங்கள். மிச்சம் இருப்பதே போதும்.

செக்கோவ் நாடகக்காரர்களுக்குச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். மேடையில் துப்பாக்கி தொங்கினால் அது வெடித்தாக வேண்டும். உங்கள் மிஷின் வெடித்துவிட்டது, சரி. பிறகு நீங்களே மேடைக்கு வந்து, "பார்த்தீர்களா, வெடித்தது" என்கிறீர்கள்.

#3 நூல்நிலையம்

மாடிப்படி சொன்ன வெட்டு சரிதான். ஆனால் வெட்டினால் மட்டும் தீராது என்று நினைக்கிறேன். பத்தியின் கோளாறு கடைசி வரியில் இல்லை, முதல் வரியிலேயே இருக்கிறது. ஒரு கதையை வைத்துச் சொன்னால்தான் எனக்கே தெளிவாகும். கி.ராஜநாராயணனின் 'கதவு'.

படிக்காதவர்களுக்காக: ஓர் ஏழை வீடு. அப்பா வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார். அம்மாவும் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவாள். லட்சுமி, சீனிவாசன் என்று இரண்டு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. வீட்டில் விளையாட்டுச் சாமான் எதுவும் கிடையாது. கதவு இருக்கிறது. அதில் ஏறி நின்று முன்னும் பின்னும் ஆட்டினால் அது பஸ். சீனிவாசன் டிக்கெட் கொடுப்பான், தெருப் பிள்ளைகள் ஊர் ஊராக இறங்குவார்கள். தீப்பெட்டிப் படம் ஒன்று கிடைத்தால் அதையும் கதவில்தான் ஒட்டுவார்கள்.

தீர்வை, அதாவது நிலவரி, பாக்கி. தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். பிள்ளைகளுக்கு அது என்னவென்று புரியவில்லை, கதவு போகிற ஊர்வலத்தின் பின்னாலேயே விளையாட்டாகப் போகிறார்கள். பிறகு வாடை அடிக்கிறது. கதவில்லாத வீட்டுக்குள் குளிர் வருகிறது. கைக்குழந்தை செத்துப்போகிறது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கதவு எத்தனை வேலை செய்கிறது! பஸ்ஸாக ஓடுகிறது. படம் ஒட்டும் சுவராக இருக்கிறது. பாக்கிக்கு ஈடாகப் போகிறது. இத்தனைக்கும் அடியில் கதவு என்றைக்கும் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, குளிரை வெளியே நிறுத்துவது. அந்த வேலையைப் பற்றி அதுவரை நாம் யோசித்ததே இல்லை. கதவு போன பிறகு, குழந்தை போன பிறகுதான் உறைக்கிறது.

கடைசியில் சீனிவாசன் அந்தக் கதவை எங்கே பார்க்கிறான்? சாவடிக்குப் பின்னால், மழையும் வெயிலும் பட்டு, கரையான் ஏறிக் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. அக்காளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். கரையானைத் தட்டிவிட்டுக் கதவைக் கட்டிக்கொள்கிறார்கள்.

கதவு எதைக் குறிக்கிறது என்று கி.ரா. வந்து விளக்கம் சொல்வதில்லை. வறுமை, பாதுகாப்பு, அரசு, குழந்தைப்பருவம் என்று எதை வேண்டுமானாலும் நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெயர்களையெல்லாம் தாங்குகிற அளவுக்கு அது கனமான கதவாக இருக்கிறது.

இப்போது உங்கள் பத்தி. மிஷின் அங்கே என்ன தைக்கிறது? யாருடைய துணி? எவ்வளவு கூலி? ஒன்றும் இல்லை. மாலை போட்டதும் அம்மா உட்காருகிறாள், ஊசி ஒடிகிறது. மிஷினுக்குக் கதையில் வேலையே கொடுக்காமல் நேராகக் குறியீட்டு வேலைக்கு எடுத்துவிட்டீர்கள். அதனால்தான் துருத்துகிறது.

#4 கரிசல்மண்

நூல்நிலையம் அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் தாத்தா வீட்டுக் கதவு கண்முன்னே வந்துவிட்டது.

இப்போதுள்ள கதவுபோல அதற்குக் கீல் கிடையாது. மேலேயும் கீழேயும் குடுமி. கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து சுழலும். நாங்கள் ஏறி ஆடினால் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பாட்டி வைதுகொண்டே வந்து குடுமிக்குழியில் விளக்கெண்ணெய் விடுவாள். கதவின் கீழ்ச்சட்டம் எங்கள் கால் பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகியிருந்தது. அந்த வழுவழுப்பு இன்றைக்கும் என் உள்ளங்காலில் இருக்கிறது. 'கதவு' கதையை முதலில் படித்தபோது பஸ் விளையாட்டு வந்த உடனேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்போது கதையில் சோகம் எதுவும் தொடங்கியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் 1923தான் பிறந்த ஆண்டு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையையும் இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின இரவு, உடுத்தத் துணியில்லாமல் உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அனாதைப் பையன் வந்து நிற்கிறான். அந்த வீட்டிலும் ஒன்றும் கிடையாது. ஆனாலும் மங்கம்மாளின் அம்மா அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். வீட்டுக்காரருக்கென்று வைத்திருந்த துண்டை எடுத்து அவனுக்குக் கட்டிவிடுகிறாள். பையனின் பெயர் ராஜா. பக்கத்துப் பணக்கார வீட்டுக்கு நிஜமாகவே ஒரு ஜமீன் மாப்பிள்ளை வந்திருக்கிறார். அந்த வீட்டுப் பையன் பெருமை பேசும்போது மங்கம்மாள், எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறார் என்கிறாள்.

அந்தத் துண்டைக் குறியீடு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது, அது அப்பாவுக்கு என்று இருந்தது, அதை எடுக்கும் முன் அந்த அம்மா ஒரு கணம் நிற்கிறாள். ராஜா என்கிற சொல்லுக்கு உயிர் கொடுப்பது அந்தக் கணம்தான். துண்டு இல்லாமல் பெயர்ப் பொருத்தம் மட்டும் இருந்திருந்தால் கதை வெறும் சொல் விளையாட்டாகப் போயிருக்கும்.

சாரல் அக்கா, மிஷின் உங்கள் சொந்த வீட்டிலிருந்து வந்ததா?

#5 குற்றாலச்சாரல்

ஆமாம் தம்பி. எங்கள் அம்மாவுடையதுதான். எங்கள் பள்ளிக்கூடப் பணம் எல்லாம் அதில்தான் வந்தது. ஆனால் கதையில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நடந்ததை எழுதினால் கதையாக இல்லை, கதையாக்கினால் பொய்யாகத் தெரிகிறது.

#6 மாடிப்படி

நூல்நிலையம் சொல்வதை முக்கால்வாசி ஏற்கிறேன். ஆனால் "ஆசிரியர் வந்து சொல்லவே கூடாது" என்று இதைச் சட்டமாக்கிவிடாதீர்கள் (வெட்டச் சொன்னவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன்). புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934இல் மணிக்கொடி இதழில் வந்தது. கதை என்று பார்த்தால் கையளவுதான். அம்மாளுவின் புருஷன் குதிரைவண்டிக்காரன், அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான். கையில் காசு இல்லை. அவள் ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. அதோடு புதுமைப்பித்தன் நேராக நம் பக்கம் திரும்பி, கற்பு கற்பு என்று பேசுகிறீர்களே, இதுதான் ஐயா பொன்னகரம் என்று முகத்துக்கு எதிரே கேட்டுவிடுகிறார்.

தலைப்பே முரண். கடைசி வரி பச்சையாக ஆசிரியர் குரல். இன்றைக்கு ஒரு பயிலரங்கில் இதை வாசித்தால் "கடைசி வரியை வெட்டுங்கள்" என்றுதான் சொல்வார்கள். வெட்டினால் கதை செத்துவிடும். இதற்கு என்ன பதில்?

#7 நூல்நிலையம்

நல்ல கேள்வி. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முக்கால் ரூபாய், பால்கஞ்சி இரண்டுக்கும் பிறகு நிற்கிறது. முக்கால் ரூபாய் என்கிற அந்தத் தொகை இருக்கிறதே, முழு ரூபாய்கூட இல்லை. அதைச் சொன்ன பிறகு ஆசிரியர் எவ்வளவு கத்தினாலும் தாங்கும். சொல்லப்போனால் நமக்கே அப்போது கத்த வேண்டும் போல இருக்கிறது.

அப்புறம், அந்த வரி அம்மாளுவை விளக்குவதில்லை. அவள் மனசில் என்ன ஒடிந்தது என்று சொல்வதில்லை. நம்மைப் பார்த்துக் கேட்கிறது. சாரல் எழுதிய வரி அம்மாவின் மனசை நமக்கு எடுத்துச் சொல்கிறது. இரண்டும் ஆசிரியர் குரல்தான். ஒன்று வாசகனோடு சண்டைக்கு வருகிறது. மற்றது வாசகனுக்கு உரை எழுதுகிறது.

#8 தமிழாசிரியை

தாமதமாக வந்தேன். விடைத்தாள் திருத்தும் வேலை. ஆனால் இந்த இழையைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே நீங்கள் பேசுவதற்கு நம்மிடம் ரொம்பப் பழைய சொற்கள் இருக்கின்றன. பள்ளியில் கதைக்கரு, களம், பாத்திரம், நோக்குநிலை என்று ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிறோம். அந்தப் பட்டியலில் குற்றமில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் ஒரு கதையை ருசித்ததை நான் பார்த்ததில்லை. தொல்காப்பியம் வேறு மாதிரி பிரிக்கிறது. முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்தில் இருக்கிற மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில், பறை. உரிப்பொருள் என்றால் மனிதர்களுக்குள் நடக்கிற உணர்ச்சி. முதல், கரு, உரி மூன்றும் பாட்டுக்குள் சொன்ன முறையில் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்கிறது நூற்பா.

நிலத்தில் கிடக்கிற சாதாரணச் சாமானுக்குக் கருப்பொருள் என்று பெயர் வைத்து, உணர்ச்சிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! குருகு என்கிற நீர்ப்பறவையும் தினையும் அலங்காரத்துக்கு வந்தவை இல்லை. அவை அந்த ஊர்க்காரர்கள்.

குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. ஐந்தே அடி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடியபோது அங்கே வேறு யாரும் இல்லை. அவன்தான் இருந்தான், அவனோ கள்வன். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு இருந்தது. ஆனால் அது ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். குருகு ஏன் ஆரலைப் பார்க்க வேண்டும்? அது அவர்களைப் பார்த்திருந்தால் சாட்சி ஆகியிருக்கும். அதற்குத் தன் பசி இருக்கிறது, தன் வேலை இருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை தீர்மானமாகிற நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒரே உயிர் தன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்குத் தினைத்தாளை உவமை சொல்கிறாள் அல்லவா, மெல்லிய பசுங்கால்! அந்த நேரத்தில் அவ்வளவு உன்னிப்பாகக் குருகின் காலைப் பார்த்திருக்கிறாள். வேறு எங்கே பார்ப்பாள், பாவம்.

ஆரல் பார்க்கிற குருகுக்குள் இரை தேடி வந்த அவனையும் காணலாம். அப்படிக் காண்பவர்கள் உண்டு. ஒன்றைச் சொல்லி அதற்குள் இன்னொன்றை வைப்பதை உள்ளுறை என்கிறோமே, அது இப்படித்தான் வேலை செய்கிறது. வெளியே குருகு முழுக்க முழுக்கக் குருகாகவே இருக்கும்.

உள்ளுறைக்கு ஒரு நிபந்தனையும் சொல்கிறார் தொல்காப்பியர். "உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலனெனக் கொள்ளும்." கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நிலமாகக் கொண்டுதான் உள்ளுறை வரும். உரைகாரர்கள் காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளட்டும், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தெய்வத்துக்கு ஏற்கெனவே பெரிய பொருள் இருக்கிறது. உள்ளே எதையும் வைத்து மறைக்க அதில் இடமில்லை. மீனுக்கும் பறவைக்கும்தான் அந்த இடம் உண்டு.

சாரல், உங்கள் பத்தியில் மாலை போட்ட படம் முதலில் வருகிறது. அதுதான் அங்கே தெய்வம். அதன் பக்கத்தில் மிஷினை வைத்ததும் மிஷினும் படமாகிவிட்டது.

#9 குற்றாலச்சாரல்

டீச்சர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குருகுக்குத் தன் வேலை இருக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு சந்தேகம். மிஷினே கதை சொல்வதாக எழுதலாமா? அப்போது விளக்கம் சொல்வது ஆசிரியர் என்று ஆகாது இல்லையா? வ.வே.சு. ஐயர் மரத்தைப் பேச வைத்திருக்கிறாரே.

#10 நூல்நிலையம்

'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் எழுதப்பட்டது. மரம் கதை சொல்வது அழகுக்கு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வங்காளத்தில் தாகூர் 1884இல் எழுதிய கதை ஒன்றில் ஆற்றங்கரைப் படித்துறை கதை சொல்லும், அதைப் பார்த்து ஐயர் மரத்தைப் பேச வைத்தார் என்பதோடு விட்டுவிட்டேன். மறுபடி படித்தபோதுதான் மரத்தின் வேலை என்னவென்று புரிந்தது.

ருக்மிணியின் அப்பா பணத்தைப் போட்டிருந்த கம்பெனி திவாலாகிவிடுகிறது. சென்னையில் 1906இல் மூழ்கிய அர்பத்நாட் கம்பெனியின் கதைதான் அது. பணம் போனதும் மாமியார் வீட்டில் அவள் கணவன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். அவனுக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் சம்மதித்தது போல நடித்துக் கடைசி நிமிஷத்தில் எல்லாரையும் ஏமாற்றப்போகிறேன் என்று நண்பனிடம் சொல்கிறான். எங்கே சொல்கிறான்? குளத்தங்கரையில். யார் கேட்கிறது? மரம். ருக்மிணிக்குத் தெரியாது. அவள் அந்தக் குளத்திலேயே உயிரை விடுகிறாள்.

மரத்துக்கு எல்லாம் தெரியும், வாய் மட்டும் இல்லை. பெண்கள் தண்ணீர் எடுக்க வரும்போது பேசுவதைக் கேட்கும், ராத்திரியில் வருகிறவர்களைப் பார்க்கும். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பெண் பிழைத்திருப்பாள். அந்தத் தவிப்பு மனிதர் யாரைக் கதைசொல்லியாக வைத்தாலும் வராது. "தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாமே" என்று அவரைக் கேட்டுவிடுவோம். மரத்தைக் கேட்க முடியாது.

உங்கள் மிஷினுக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கிறதா? அதற்கு மட்டும் தெரிந்தது, அது தடுக்க முடியாதது என்று ஏதாவது? இருந்தால் பேசட்டும். விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக மிஷினைப் பேச வைத்தால் அதே உரைதான், குரல் மட்டும் வேறு.

#11 மாடிப்படி

டீச்சரின் குருகுக்குப் பிறகு எனக்குச் சண்டை போடவே மனசில்லை. ஆனால் ஒன்று கேட்டே ஆக வேண்டும். எல்லாப் பொருளுக்கும் வேலை இருக்க வேண்டுமா? வீட்டில் சும்மா கிடக்கிற சாமான் எவ்வளவு இருக்கிறது! ஒரு கதையில் எல்லாமே வேலை பார்த்தால் அது கதையா, பட்டறையா?

#12 தமிழாசிரியை

சும்மா கிடக்கலாம். தினைத்தாள் போன்ற கால் என்பதற்கு அங்கே என்ன வேலை? பார்த்தாள், சொன்னாள், அவ்வளவுதான். கதையின் பாரம் ஏறுகிற பொருளுக்குத்தான் வேலை வேண்டும் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாரம் எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்', 1966, ஆனந்த விகடன். தலைப்பில் நெருப்பு. கதைக்குள் நெருப்பே கிடையாது, தண்ணீர்தான். மழையில் நனைந்து, கெட்டுப்போனேன் என்று அழுதபடி வந்து நிற்கிற மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றுகிறாள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவு பெரிய புராணத் தலைப்பை ஒரு வீட்டுக் குளியல் தாங்குகிறது. அன்றைக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு அந்த அம்மா அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதே பெண், வேறு வாழ்க்கை, ஒரு முழு நாவல். 1972க்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குத்தான். ஒரு சிறுகதையிலிருந்து ஒரு குடம் தண்ணீரை எடுத்தால் ஒரு பெண்ணின் ஆயுள் முழுக்க மாறிப்போகிறது. பாரம் என்று நான் சொன்னது இதைத்தான்.

#13 கரிசல்மண்

டீச்சர், உங்கள் வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

#14 குற்றாலச்சாரல்

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாவற்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். படத்தை எடுத்துவிட்டேன். துருவை எடுத்துவிட்டேன். தினமும் ஓடின மிஷின் பதினாறு நாளில் துருப்பிடிக்காது என்பதே எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள். அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இப்போது இப்படி இருக்கிறது:

"காரியம் முடிந்த மறுநாள் நாலு மணிக்கு எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் மஞ்சள் பை. 'அவசரமில்லை' என்றாள். பிறகு, 'வெள்ளிக்கிழமை முகூர்த்தம்' என்றாள். அம்மா பையை வாங்கித் துணியை உதறிப் பார்த்தாள். பச்சைப் பட்டு. அளவு ஜாக்கெட்டைத் தரையில் விரித்தாள். சாக்கட்டி கிடைக்கவில்லை. அப்பாவின் மேஜை டிராயரில்தான் அது எப்போதும் இருக்கும். அம்மா எழுந்து போய் டிராயரைத் திறக்காமல் திரும்பி வந்து, மீந்துபோன சோப்புத் துண்டால் கோடு போட்டாள். மிஷினில் உட்கார்ந்தாள். தோள் சேர்த்தாள். ஒரு பக்கம் ஓரம் அடித்தாள். பாதியில் பாபின் தீர்ந்து மிஷின் நின்றது. புதுசாக நூல் சுற்றாமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்."

#15 மாடிப்படி

சோப்புத் துண்டு! டிராயரைத் திறக்காமல் திரும்பி வந்தது போதும் எனக்கு. இதில் வெட்ட எதுவும் இல்லை.

#16 நூல்நிலையம்

"அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு "வெள்ளிக்கிழமை முகூர்த்தம்" என்கிறாள் பாருங்கள், அந்த அக்காளும் உயிரோடு வந்துவிட்டாள். அவளுக்கும் தன் ஆரல் மீன் இருக்கிறது.

#17 ஊசிநூல்

வணக்கம். நான் கதை எழுதுகிறவன் இல்லை, டெய்லர். இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறேன். இங்கே வாசிக்க மட்டும் வருவேன். இந்த இழையில் மிஷின் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். அம்மாவை எழுதியிருப்பது ரொம்ப நன்றாக இருக்கிறது. சோப்பில் கோடு போடுவது உண்மைதான், நாங்களும் போடுவோம், இஸ்திரி போட்டால் மறைந்துவிடும்.

ஓர் இடம் மட்டும் சரியில்லை. பாபின் தீர்ந்தால் மிஷின் நிற்காது.

மேல்நூல் ஊசியில் வரும், அடிநூல் பாபினிலிருந்து வரும். இரண்டும் துணிக்குள்ளே ஒன்றையொன்று பிடித்தால்தான் தையல். அடிநூல் தீர்ந்தாலும் மிதி ஓடும், ஊசி இறங்கி ஏறும், துணி நகரும். மேலே பார்த்தால் நூல் விழுந்த மாதிரியே இருக்கும். சத்தத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. எடுத்து இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், ஒரு தையலும் பிடித்திருக்காது, நூல் கையோடு வந்துவிடும். துணியில் வரிசையாக ஊசி ஓட்டை மட்டும் இருக்கும். பட்டில் அந்த ஓட்டை மறையவும் செய்யாது.

#18 குற்றாலச்சாரல்

அண்ணா, மிக்க நன்றி. அம்மாவோடு இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. மிஷின் நிற்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். எவ்வளவு தூரம் தைத்த பிறகு தெரியும்?

#19 ஊசிநூல்

கை பழகியவர்களுக்கு நாலு விரல் நீளத்துக்குள் தெரிந்துவிடும். துணியைப் பிடித்திருக்கிற இடது கையிலேயே ஏதோ லேசாகத் தெரியும். உங்கள் கதையில் அம்மா வருஷக்கணக்காகத் தைத்தவர். அவர் முழுப் பக்கமும் தெரியாமல் தைப்பது நடக்காத காரியம்.

அப்படி நடந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், தைத்தவர் பார்க்க மாட்டார். துணி கொடுத்தவர்தான் வீட்டில் போட்டுப் பார்க்கும்போது பார்ப்பார்.

#20 குற்றாலச்சாரல்

முழுப் பக்கமும் தைத்துவிடுகிறாள் என்றே வைக்கப்போகிறேன் அண்ணா. மடித்து மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். வியாழக்கிழமை ராத்திரி எதிர்வீட்டு அக்கா வருகிறாள். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வரவில்லை. "ரொம்பச் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கூலியை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறாள்.